பெயர் உண்டு, மரம் எங்கே?

(சின்ன காஞ்சிபுரத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டப் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

காஞ்சி என்பது ஆற்றங்கரையில் வளரும் ஒரு மரம். ஆற்றுப்பூவரசு என்றும் அதனைச் சொல்வர். இந்நகரின் பெயர் அம்மரத்தால் வந்தது என்று கருதும் அறிஞர்கள் உளர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் காட்டும் 99 பூக்களுள் காஞ்சிப்பூவும் ஒன்று. நிலையாமையைப் பேசும் புறத்திணைக்கும் அதுவே பெயர். ஆயினும், வேகவதிக் கரையில் நின்று 'காஞ்சி மரம் எது?' என்று வினவினால், விரல் நீட்டிக் காட்டுவோர் எத்தனை பேர்?

இக்கேள்வி ஒரு மரத்தோடு முடிவதில்லை. 2019ஆம் ஆண்டு வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசிலிருந்து அத்திவரதர் எழுந்தருளி 48 நாள் காட்சி தந்தார். அதற்கு முன் அக்காட்சி 1979இல் கிடைத்தது. அத்தி மரத்தாலான அத்திருவுருவை வணங்கத் திரண்ட பெருங்கூட்டத்தில், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் அத்தியை இனங்காணத் தெரிந்தவர் எத்துணையர்? இவ்வூர்த் தறிகளில் தாழம்பூ ரேக்கும் மல்லிமொக்கும் இன்றும் நெய்யப்படுகின்றன. பட்டின் கரையில் தாழம்பூவைப் பார்த்தவர் பலர்; நீர்க்கரையில் தாழம்புதரைப் பார்த்தவர் சிலர். பெயரும் வடிவும் தங்கிவிட, பொருள் மட்டும் மெல்ல விலகிப் போகிறது.

தொல்காப்பியர் மரத்தையும் புள்ளையும் விலங்கையும் கருப்பொருள் என்று ஒரே வரிசையில் வைத்தார். அது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம் மட்டுமன்று. நிலத்தின் இயல்பும் அதுவே. மரம் போனால் அதன் பழம் உண்ணும் புள் போகும். புள் போனால் விதை பரவாது. விதை பரவாத நிலத்தில் சீமைக் கருவேலம் குடியேறும். அதன்பின் கவிஞர் எழுதும் குருந்தும் காயாவும் அகராதிச் சொற்களாகவே எஞ்சும்.

இழந்ததை மீட்க இயலுமா? இயலும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்றுகள் உள்ளன. சோழமண்டலக் கரையில் காணப்படும் காடு ஒன்று உண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் அதனைச் சொல்வர். வீரை, காயா, பாலை, கருங்காலி போன்ற மரங்கள் அதன் குடிகள். அவை மெல்ல வளர்வன. தடித்த இலைகளால் கோடையிலும் பசுமை காப்பன. வயலுக்கும் விறகுக்குமாக அழிந்த அக்காட்டின் எச்சங்கள், ஐயனார்க்கும் அம்மனுக்கும் உரிய கோயிற்காடுகளில் தப்பிப் பிழைத்தன.

1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அங்கிருந்தது மழைநீர் அரித்த செம்மண் மேடு. குடியேறியவர்கள் வரப்பெழுப்பி நீரைத் தேக்கினர். விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்களை முதலில் நட்டனர். பின்னரே இம்மண்ணுக்குரிய மரங்களின் அருமையை உணர்ந்து, கோயிற்காடுகளில் விதை திரட்டிக் கன்று வளர்த்தனர். 1973இல் அங்குத் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு அவ்வாறு உருவானதே. 2011 திசம்பரில் தானே புயல் வீசியபோது அயல்மரங்கள் ஏராளமாய்ச் சாய்ந்தன. எம்மரத்தை நடுவது என்ற வினாவிற்குக் காற்றும் ஒரு விடை சொல்லிச் சென்றது.

அக்காட்டை வளர்த்தவர்களின் துணையோடு, சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிக் குப்பையும் இடிபாடுமாய்க் கிடந்த 58 ஏக்கர் நிலத்தை அரசு சீரமைத்தது. 2011இல் திறக்கப்பட்ட அதற்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர். அரசின் பெருமுயற்சி அது. அதே ஆற்றங்கரையில் கோட்டூர்புரத்தில் நடந்தது மக்கள் முயற்சி. குப்பை கொட்டப்பட்டுவந்த இடத்தை 'நிழல்' என்னும் தொண்டு அமைப்பினர் 2006 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு மரப்பூங்காவாக மாற்றினர். நட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பொதுமக்களை அழைத்து மரநடை நடத்தி, ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவருகின்றனர்.

இந்தப் பெயர் சொல்லுதல்தான் கருதத்தக்கது. கன்று நடும் விழாவில் நிழற்படம் எடுத்தபின் கன்று தனித்து விடப்படுகிறது. பெயர் தெரியாத மரத்திற்காக வழக்காடுவார் இல்லை. கோடரி விழும்போது தடுப்பாரும் இல்லை. வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, அவற்றைக் காக்கும் உரிமையைப் பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்ததனால் உரிமை கொண்டாடினர். உரிமை கொண்டாடியதனால் காத்தனர்.

சின்ன காஞ்சிபுரத்தில் இப்பணிக்குத் தகுதியுடையோர் யார்? பெயர்களைப் பேணுவோரே. முதிய நெசவாளரிடமும் வைத்தியரிடமும் வேகவதிக் கரைக் குடிகளிடமும் மரப்பெயர்களைக் கேட்டுத் தொகுப்பது புலவர் செய்யத்தக்க பணி. எந்த மரம் எந்தத் திங்களில் பழுக்கும் என்பதை அவர்களன்றி வேறு யார் சொல்வார்? அத்தொகுப்பைக் கையில் கொண்டு, கோயில் நந்தவனங்களிலும் பள்ளி வளாகங்களிலும் நாற்றங்கால் அமைக்கலாம். கழிவும் ஆக்கிரமிப்பும் நெருக்கும் ஆற்றுக்கு முழு மீட்சி ஒரு வட்டத்தால் ஆகாது. ஆயினும், ஒரு கரையில் பத்துக் காஞ்சி மரங்கள் ஆகும்.

பத்து ஆண்டுகளாக இவ்வட்டம் சொற்களைக் காத்து வந்தது. அடுத்த பத்தாண்டில் அச்சொற்களுக்குரிய உயிர்களையும் காக்குமாயின், வருங்காலத்து மாணவர் குறிஞ்சிப்பாட்டுக்கு உரை தேடி நூலகம் செல்லும் வழியில், ஆற்றங்கரையிலும் சற்று நிற்பர்.