கல்வெட்டில் வராத பதுங்கு குழி



யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவர்மீது பாடப்பெற்ற கல்வெட்டு வெளிவருவது நீங்கள் அறிந்த வழக்கம். பிறந்த ஊர், கைப்பிடித்த மனைவி, பிள்ளைகள், மருமக்கள், இறந்த திதி யாவும் வெண்பாவிலும் விருத்தத்திலும் அடங்கிவிடும். இதனை இலக்கியமென்று கொள்ள மறுப்போர் உளர். நான் மறுப்பதில்லை. எங்கள் ஊர்களிலே பலருக்கு வாய்க்கும் ஒரேயொரு வாழ்க்கை வரலாறு அதுதான். அப்படியான ஒன்றிலே நேர்ந்த பிழையொன்றை, அதற்கு உடந்தையாயிருந்தவன் என்ற வகையில், இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தாயாரின் தகப்பனார், நாங்கள் பாட்டா என்று அழைத்தவர், 1994ஆம் ஆண்டு தமது எழுபத்து நான்காவது வயதிலே காலமானார். கல்வெட்டுப் பாட வந்த புலவருக்குக் குறிப்புக் கொடுத்தவன் நான். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பாட்டா 'சிலோன் கரிசன் ஆட்டிலறி' என்ற பீரங்கிப் படையிற் சேர்ந்து திருகோணமலையில் நின்றவர். "யப்பான்காரன் குண்டு போட்ட அன்று அங்கே நின்றவர்" என்றுதான் நான் சொன்னேன். அச்சாகி வந்தபோது பாட்டா யப்பானிய விமானங்களைச் சுட்டு விழுத்தியிருந்தார்! அந்தியேட்டி வீட்டில் அதனை இராகத்தோடு படித்தார்கள். அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வாய் திறக்கவில்லை.

பாட்டா எங்களுக்குச் சொன்ன கதை வேறு.

1942 ஏப்ரில் 9, வியாழக்கிழமை காலை. நான்கு நாட்களுக்கு முன்னர் கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கப்பற்படையின் விமானங்கள், அன்று திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. பாட்டா நின்றது கரையோரப் பீரங்கியடியில். அது கடலில் வரும் கப்பலைச் சுடுவதற்கானது. வானத்துக்கு நிமிர்த்திச் சுடமுடியாது.

"பீரங்கி கடலைப் பாத்துக்கொண்டு நிண்டது. அவன் மேலாலை வந்தான். நாங்கள் கிடங்குக்குள்ளை கிடந்தம்."

"பயந்தனீங்களோ பாட்டா?"

"பயப்பிடாத ரண்டு பேர் எழும்பிப் பாத்தவங்கள்."

அவ்வளவுதான். அதற்குமேல் கதை நகராது.

அதே படையைச் சேர்ந்த சிலர், அந்த ஆண்டு மே மாதம் கொக்கோஸ் தீவிலே தம் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களில் மூவர் ஆகஸ்டில் கொழும்பிலே தூக்கிலிடப்பட்டனர். இதனைப் பின்னாளிற் புத்தகத்திற் படித்துவிட்டுப் பாட்டாவிடம் கேட்டேன். "சின்னப் பெடியள்" என்றார். எழுந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறப் போய்விட்டார். கல்வெட்டுக்கு நான் இதைக் குறிப்பாகக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் எந்த விருத்தத்தில் அதை வைப்பது?

1990 ஜூனிலே மீண்டும் போர் மூண்டது. பாட்டாவுக்கு அப்போது எழுபது வயது. அயலிலே எல்லோரும் நேர்க் கிடங்குகளாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டா தடியால் மண்ணிலே ஒரு 'ட' எழுத்தைக் கீறினார். "உப்பிடி வெட்டு. சிதறிவாற துண்டு நேரைதான் போகும், திரும்பத் தெரியாது" என்றார். செம்மண்ணிலே இரண்டு முழம் போகவே சுண்ணாம்புக்கல் வந்துவிட்டது. நானும் மாமாவும் அலவாங்கு பிடித்தோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் இரண்டு அடுக்கு மண்மூட்டை. ஒரு வாசல் மூடுண்டால் வெளியேற மறுபக்கம் இன்னொரு வாசல். பிறகு எங்களை வரிசையாக வைத்துப் பழக்கினார்: காதைப் பொத்து, வாயைத் திற, நெஞ்சை நிலத்திலே அழுத்தாதே, முழங்கையை ஊன்று. என் கடைசித் தங்கைக்கு அது விளையாட்டு. வாயைத் திற என்றதும் சிரிப்பாள்.

அந்த மாரியில் ஒரு காலை, பின்வளவிலே குண்டு விழுந்தது. உள்ளே நாங்கள் ஏழு பேர். குசினிப் பக்கச் சுவர் முழுதாகச் சரிந்தது. பதுங்கு குழியின் வாசலடி மண்ணிலே, வளைவுக்கு நேர் எதிரே, இரும்புத் துண்டுகள் புதைந்திருந்ததைப் பின்னர் கண்டோம். எல்லோரும் உள்ளே போய்விட்டார்களா என்று தலை எண்ணிவிட்டுக் கடைசியாக இறங்கியவர் பாட்டா. இருட்டிலே அவருடைய கையைப் பிடித்தேன். விறைத்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கை நடுங்குது பாட்டா."

"அப்பவும் உப்பிடித்தான்."

திருகோணமலையைப் பற்றி அவர் எனக்குச் சொன்னவற்றில் மிக நீண்ட கதை அதுவென்றே நினைக்கிறேன்.

1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, பாட்டாவின் பதக்கங்களைப் பிஸ்கட் ரின் ஒன்றில் போட்டு வீட்டிலேயே விட்டுவந்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது ரின்னும் இல்லை, பனங்குற்றிகளும் இல்லை. கிடங்கு பாதி தூர்ந்து கிடந்தது. கல்வெட்டின் பிரதியொன்று மட்டும் உறவினர் ஒருவரோடு கனடாவுக்குப் போய்த் தப்பிவிட்டது.

சென்ற மாதம் அங்கிருந்து தங்கையின் மகன் தொலைபேசியிலே கேட்டான்:

"மாமா, பூட்டன் எத்தினை பிளேன் விழுத்தினவர்?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

அவனுக்கு ஏமாற்றம். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ? பங்கருக்குள்ளை எந்த மூலையிலை இருந்தவ எண்டு கேள்" என்றேன்.