தழும்போடு முன்னே

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே,

நான் இந்த ஆதம்பாக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுவார். படியோரமாக, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் சிலுவைப்பாதையின் நிலைகள். ஒவ்வொன்றின் முன்பும் நின்று செபிப்பார். பிறகு அடுத்த படி. உச்சிக்குப் போனதும் நான் மீனம்பாக்கத்தில் விமானம் கிளம்புவதைப் பார்க்க ஓடுவேன். அவர் கோயிலுக்குள் போய்விடுவார்.

1523இல் போர்த்துகீசியர் கட்டிய கோயில் அது. இயேசுவின் சீடரான புனித தோமையார் கி.பி. 72இல் அங்கே உயிர்நீத்தார் என்பது மரபு. சந்தேகப்பட்டவர் என்றே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் கேட்டது என்ன? ஆண்டவரின் காயங்களைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். சாவை வென்று எழுந்த உடலிலும் ஆணி பாய்ந்த தழும்புகள் அப்படியே இருந்தன. பட்ட காயத்தை மறைக்காமலேயே புது வாழ்வு தொடங்க முடியும் என்று அன்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு அவர், சீடர்கள் பூட்டிக்கொண்டு இருந்த அறைக்குள்ளேயே இருந்துவிடவில்லை. கடல் கடந்து நம் ஊர் வரைக்கும் வந்தார் என்கிறது மரபு.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 1925இல் கொச்சிப் பக்கம் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர் மேரி வர்கீஸ். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. 1954 ஜனவரியில் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. முகத்திலும் தழும்பு. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கட்டிலில் கிடந்து, இழந்ததை எண்ணிக்கொண்டே காலத்தைக் கழித்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கல்லூரியின் மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்துக்கொண்டிருந்தார். செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய, நன்றாக இருக்கும் வேறொரு தசைநாணை மாற்றிப் பொருத்தும் முறை அது. கையில் செய்யும் சிகிச்சை என்பதால் உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கற்றார், செய்தார். ஊரே ஒதுக்கிவைத்த நோயாளிகள், தங்களைப் போலவே உடல் நலிந்த ஒரு டாக்டர் தங்கள் கையைப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டார்கள். அதைவிடப் பெரிய ஆறுதலை எந்தச் சொல்லால் தர முடியும்?

பிறகு நியூயார்க் சென்று பயிற்சி பெற்றார். திரும்பி வந்து 1963இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அங்கே தாமாக உட்காரவும், உடுத்தவும், உழைத்துப் பிழைக்கவும் பழகி வீடு திரும்பினார்கள். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986இல் மறைந்தார். விபத்துக்கு முன்பிருந்த வாழ்க்கை அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அது திரும்புமென்று அவர் காத்திருக்கவும் இல்லை.

அப்படிக் காத்திருக்காமல் முன்னே போக எது துணை? தமிழ் வேதாகமத்தில் விசுவாசம், நம்பிக்கை என்று இரண்டு சொற்கள் உண்டு. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். விசுவாசம் என்பது யாருடைய கையைப் பிடித்திருக்கிறோம் என்ற உறுதி. நம்பிக்கை என்பது அந்தக் கை நம்மை எங்கே கொண்டுபோகிறது என்ற எதிர்பார்ப்பு. உங்களில் பலர் வேறு சமயத்தவர். எனக்குத் தெரிந்ததை நான் கற்ற மொழியில் சொல்கிறேன். உங்கள் வீட்டு மொழியில் அதற்கு இணையான சொல் நிச்சயம் இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். பிளஸ் டூ மதிப்பெண் குறைந்து, நான் கனவு கண்ட படிப்பு எனக்குக் கைநழுவியது. அந்த ஒரு கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் என்று ஓராண்டு முழுவதும் புலம்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை, மலைப்படியில் நின்று நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "கீழயே பார்த்தா தலைதான் சுத்தும். நின்ன எடத்துல செபம் பண்ணிட்டு, அடுத்த படியைப் பாரு." இத்தனை வருடங்களில் அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

அவர் நிற்காதே என்று சொல்லவில்லை. வலித்த இடத்தில் நில்லுங்கள், அழுங்கள், செபியுங்கள். அங்கேயே குடியிருந்துவிடாதீர்கள். வெற்றிக்கும் இதுவே பொருந்தும். உங்களில் சிலர் பதக்கத்தோடு போகிறீர்கள், சிலர் அரியர் எழுதித் தேறிப் போகிறீர்கள். பத்தாண்டு கழித்தும் இன்றைய பதக்கத்தையே சொல்லிக்கொண்டிருப்பவரும், இன்றைய அரியரையே நினைத்துக் குறுகுபவரும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள்.

சிலுவைப்பாதையின் பதினான்காம் நிலை கல்லறை. எங்கள் விசுவாசம் அங்கே முடிவதில்லை. மூன்றாம் நாள் விடியலில் பெண்கள் கல்லறைக்கு வந்தார்கள். அவர்கள் தேடி வந்த இயேசு அங்கே இல்லை, உங்களுக்கு முன்பே கலிலேயாவுக்குப் போகிறார் என்ற செய்தி அவர்களுக்குக் கிடைத்தது. கலிலேயா அவர்கள் வாழ்ந்து, உழைத்த பகுதி. நாளைக்கு நீங்கள் வேலை தேடிப் போகும் தெருவிலும், வேலை கிடைக்காமல் திரும்பும் பேருந்திலும் அவர் உங்களுக்கு முன்பாகவே போயிருக்கிறார் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

உங்களைப் படிக்கவைத்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு முறை திரும்பி அவர்களைப் பாருங்கள். நன்றி சொல்லுங்கள். பிறகு அடுத்த படியில் கால் வையுங்கள்.

கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக.