வேலை பார்த்துப் படித்தவர்களுக்கு



அரசுக் கலைக் கல்லூரிகளில் நெடுங்காலம் வணிகவியல் நடத்தியவன் நான். இன்று பட்டம் வாங்கும் எல்லோரையும் மனமார வாழ்த்துகிறேன். இருந்தாலும், இந்த அரங்கில் ஒரு சாராரோடு கூடுதலாகப் பேச ஆசைப்படுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்த நீங்கள்தான் அவர்கள்.

நம் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிப்ட். காலை ஷிப்ட் மதியத்தோடு முடியும், அடுத்தது மதியம் தொடங்கி மாலையில் முடியும். மிச்சமிருக்கும் அரைநாளில்தான் பெட்ரோல் பங்க், ஜெராக்ஸ் கடை, மெடிக்கல் ஷாப், உணவு டெலிவரி எல்லாம். இன்னொரு பெரிய வேலை கேட்டரிங். வருகைப் பதிவேட்டையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஆசிரியருக்கு எல்லாம் புரிந்துவிடும். ஆடியில் வகுப்பு நிறைந்திருக்கும். ஆவணி பிறந்து முகூர்த்தம் ஆரம்பித்ததும் கடைசி இரண்டு பெஞ்சு காலியாகும். முந்தின நாள் ரிசப்ஷனில் பந்தி பரிமாறி, இலை எடுத்து, அண்டா கழுவி, விடியற்காலை டிபனையும் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வரும் பையன் முதல் பீரியடில் தூங்காமல் என்ன செய்வான்?

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த மாணவி ஒருவர் என் வகுப்பில் இருந்தார். மதியம் வரை கல்லூரி, அதன்பின் கடை அடைக்கும் வரை நின்றபடியே வேலை. கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். அவர் படித்தது அதற்கு முன்னால். தீபாவளி வியாபாரமும் நவம்பர் செமஸ்டரும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வரும். லீவு கேட்டால் கடையில், "சீசன்ல லீவா?" என்பார்கள். வகுப்புக்கு வராவிட்டால் கல்லூரியில், "பரீட்சை நேரத்துல வேலையா?" என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிச் சொல்லியே அவர் அந்த வாரங்களைக் கடத்தினார்.

சரக்கிருப்பு மதிப்பீடு பாடம் நடத்திய அன்று அவர் எழுந்து ஒரு விஷயம் சொன்னார். தீபாவளிச் சரக்கு உள்ளே வர இடம் வேண்டும், பணமும் வேண்டும். பழைய சரக்கு ரேக்கிலேயே கிடந்தால் இரண்டும் முடங்கிவிடும், அதனால்தான் ஆடித் தள்ளுபடி என்றார். எந்தப் புடவையை எத்தனை மாதம் வரை வைத்திருப்பார்கள், எப்போது தள்ளுபடி மேஜைக்குக் கொண்டுவருவார்கள் என்றும் விளக்கினார். பாடப்புத்தகத்தில் பல பக்கம் ஓடும் பாடம் அன்று வகுப்பு முழுவதற்கும் விளங்கியது.

இதைச் சொல்வதால், கஷ்டப்பட்டால்தான் படிப்பு ஏறும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடைதோறும் கேட்கும் அந்தப் பேச்சு தவறு. தூக்கமில்லாத உடம்புக்குப் பாடம் ஏறாது. அந்த மாணவிக்கும் அரியர் விழுந்தது. அறிவுக் குறைவால் விழுந்ததல்ல, நேரம் கிடைக்காததால் விழுந்தது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்ற திட்டங்கள் வழியே அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அது பெரிய துணை. வீட்டு வாடகைக்கும் அப்பாவின் மருந்துக்கும் அது போதாது. அங்கேதான் வேலை வந்து நிற்கிறது.

ஆகவே, பேராசிரியர்களிடமும் முதல்வரிடமும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் போட்டிக்குப் போனால் வகுப்புக்கு வந்ததாகவே கணக்கிட்டு ஓ.டி. கொடுக்கிறோம், என்.சி.சி. முகாமுக்குக் கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான். வீட்டுக்கு அரிசி வாங்க வேலைக்குப் போனவனை மட்டும் 75 சதவீத வருகை இல்லை என்று நிறுத்தி, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள கண்டோனேஷன் ஃபீஸ் கட்டச் சொல்கிறோம். ஃபீஸ் கட்டுவதற்காக வகுப்பை விட்டவன், வகுப்பை விட்டதற்காக இன்னொரு ஃபீஸ் கட்டுகிறான். இது நியாயமில்லை. இப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று முதல் செமஸ்டரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்டர்னல் தேர்வையும் அசைன்மென்ட் தேதியையும் அவர்களுக்குத் தோதாக மாற்றிக் கொடுக்கலாம்.

முடிந்தால் கல்லூரியே வேலை கொடுக்கலாம். இதற்கு முன்மாதிரி உண்டு. மகாராஷ்டிரத்தின் சாதாராவில் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் 1947-இல் தொடங்கிய சத்ரபதி சிவாஜி கல்லூரியில், ஏழை மாணவர்கள் உழைத்துச் சம்பாதித்தே படித்தார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பெரியா கல்லூரி மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஒவ்வொருவரும் வாரம் 10 மணி நேரமாவது கல்லூரியில் வேலை செய்தாக வேண்டும், அதற்குச் சம்பளமும் உண்டு. நம் நூலகத்தில் அடுக்க ஆளில்லாமல் கிடக்கும் புத்தகங்கள் எத்தனை! கம்ப்யூட்டர் லேபை மாலையில் திறந்து வைக்க ஆளில்லை. அந்த வேலைகளுக்கு நம் மாணவர்கள் போதாதா?

இனி உங்களிடம். நேர்முகத் தேர்வில், "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்பார்கள். "இல்ல சார், ஃப்ரெஷர்" என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று வருடம் பில் கவுண்டரில் நின்று இரவு கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் ஒப்படைத்தவர் அனுபவம் இல்லாதவரா? ஐந்நூறு பேர் பந்தியில் யாருக்கு எது வரவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறியவர் அனுபவம் இல்லாதவரா? எந்தக் கடை, எத்தனை மாதம், என்ன பொறுப்பு என்று பயோடேட்டாவில் வெளிப்படையாக எழுதுங்கள். கூச்சப்பட அதில் ஒன்றுமே இல்லை.

கடைசியாக ஒன்று. உங்களோடு முதலாண்டு சேர்ந்து, வேலைக்குப் போன இடத்திலேயே தங்கிவிட்டு, இந்த அரங்குக்கு வராமல் போன நண்பர் ஒருவராவது உங்களில் பலருக்கு இருப்பார். பெயர் உங்களுக்குத் தெரியும், நம்பரும் இருக்கும். அவர் விட்ட பேப்பர்களை எழுத இன்னும் அவகாசம் இருக்கிறதா, தொலைதூரக் கல்வியில் சேர வழி உண்டா என்று இன்றே கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். விசாரித்துவிட்டு இந்த வாரமே அவருக்குப் போன் செய்யுங்கள்.