கருப்பை அழற்சி: நோய்க்குறிப்பும் குறியீடும்

(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1846-ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இயங்கி வந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதற்பிரிவில், பிள்ளை பெற்ற தாய்மாருள் நூற்றுக்கு 11.4 பேர் மாண்டனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் மாண்டோர் நூற்றுக்கு 2.8 பேரே. இவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது கருப்பையில் தொடங்கி உடலெங்கும் பரவும் பேறுகாலக் காய்ச்சல். பிணப் பரிசோதனை செய்த கைகளாலேயே மாணவர்கள் தாய்மாரையும் சோதித்து வந்ததுதான் கேட்டிற்கு மூலம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டார். 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த நீரில் கை கழுவும் முறையைப் புகுத்தினார். 1848-இல் முதற்பிரிவின் இறப்பு வீதம் 1.3 விழுக்காடாக இறங்கியது.

இவ்வெற்றிக்கு அடிப்படையாக அமைந்தது மருத்துவமனையின் ஏடு. இரு பிரிவுகளின் பிறப்புகளும் இறப்புகளும் தனித்தனியே எழுதி வைக்கப்படாதிருப்பின், வேறுபாடே புலப்பட்டிராது. நோயை ஒழிக்கும் முயற்சி, அதனைச் சரியாக எழுதி வைப்பதில் தொடங்குகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

உலகப் பொது வகைப்பாடு

ஒரே நோயை ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு பெயரால் எழுதினால் அவற்றைக் கூட்டிக் கணக்கிட இயலாது. இக்குறையைப் போக்க, 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் இறப்புக் காரணங்களின் பட்டியலொன்றை அளித்தார். 1948-இல் அதன் ஆறாம் திருத்தம் முதல் உலக சுகாதார நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தையொட்டியே இந்தியாவின் அண்மைக்கால இறப்புக் காரண அறிக்கைகள் தொகுக்கப்பட்டுள்ளன. பதினோராம் திருத்தம் 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது.

ஒரே நோய், மூன்று அத்தியாயங்கள்

பத்தாம் திருத்தத்தில் கடுமையான கருப்பை அழற்சிக்குரிய குறியீடு என் 71.0 ஆகும். நாட்பட்ட அழற்சிக்கு என் 71.1 உரியது. ‘கடுமையானது’ என்றோ ‘நாட்பட்டது’ என்றோ மருத்துவர் எழுதத் தவறின், எதனையும் தெளிவுறுத்தாத என் 71.9 என்னும் குறியீடே கிட்டும். காசநோயால் வந்த அழற்சி எனில், அது ஏ 18.1 என்னும் வேறு இனத்தைச் சாரும்.

இவற்றினும் முக்கியமான வரையறை ஒன்று உண்டு. மகப்பேற்றையோ கருக்கலைவையோ தொடர்ந்து வரும் அழற்சிக்கு என் 71 பொருந்தாது. பேற்றுக்குப் பின் வரும் கருப்பை உட்சவ்வு அழற்சி, பேறுகால நச்சுக் காய்ச்சலாகிய ஓ 85-இல் அடங்கும். கருக்கலைவின் தொற்றால் நேரும் இறப்பு ஓ 03 முதல் ஓ 07 வரையுள்ள பிரிவுகளில் சேரும்.

எடுத்துக்காட்டாக, இருபத்துநான்கு வயதுப் பெண்ணொருத்தி கடும் காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றோடு பொது மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்டு, இரண்டாம் நாள் இறந்துவிட்டதாகக் கொள்வோம். எட்டு நாட்களுக்கு முன்பு அவள் வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறாள். மருத்துவர் ‘இரத்த நச்சேற்றம்’ என்று மட்டும் எழுதினால், அவ்விறப்பு தொற்றுநோய்களுக்குரிய முதல் அத்தியாயத்திற்குச் செல்லும். ‘கடுமையான கருப்பை அழற்சி’ என்று மட்டும் எழுதினால் பதினான்காம் அத்தியாயத்தில், பொதுவான பெண்ணுறுப்பு நோயாகப் பதிவாகும். ‘எட்டு நாட்களுக்கு முன் பிரசவம்’ என்னும் ஒரு வரி சேர்ந்தால்தான், அது பதினைந்தாம் அத்தியாயத்தில் தாய்மை இறப்பாக இடம்பெறும். கருவுற்ற காலத்திலோ, அக்கருப்பம் முடிவுற்ற 42 நாட்களுக்குள்ளோ, அதனோடு தொடர்புடைய காரணத்தால் நேரும் இறப்பே தாய்மை இறப்பு என்பது ஏற்கப்பட்ட இலக்கணமாகும்.

குறியீடு இடுபவர் இவ்வரியைத் தாமே ஊகித்துச் சேர்க்க முடியாது. அவர் ஏட்டில் உள்ளதற்கே குறியீடு இடுவார். ஐயமிருப்பின் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஆகவே பிழையின் தோற்றுவாய் பெரும்பாலும் நோயாளியின் படுக்கையருகே எழுதப்படும் குறிப்பில்தான் உள்ளது.

சான்றிதழின் நிலை

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தையொட்டி, மருத்துவமனை இறப்புகளுக்கு நான்காம் படிவத்தில் காரணச் சான்று வழங்கப்படுகிறது. உடனடிக் காரணத்திலிருந்து மூலக் காரணம் வரை படிப்படியாக எழுத அதில் இடமுண்டு. இறந்தவர் பெண்ணாயின், இறப்பு கருவுற்றதோடு தொடர்புடையதா, பிரசவம் நிகழ்ந்ததா என்னும் வினாக்களும் அதிலேயே உள்ளன. இவற்றை வெற்றிடமாக விடுவதும், ‘இதயம் நின்றது’ என்று இறப்பின் முறையையே காரணமாக எழுதுவதும் சான்றின் பயனைக் கெடுத்துவிடுகின்றன.

கருக்கலைவைப் பொறுத்தமட்டில் தயக்கம் இன்னும் மிகுதி. 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், ஊரார் பேச்சுக்கு அஞ்சும் குடும்பத்தார் உண்மையை மறைப்பதுண்டு. குடும்பத்தின் மானம் கருதி மறைக்கப்படும் செய்தி, அடுத்த பெண்ணைக் காக்க வேண்டிய செய்தியாகவும் இருக்கிறது.

2020-ஆம் ஆண்டில் பதிவான இறப்புகளுள் மருத்துவக் காரணச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடே. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவ நிலையங்களும் இச்சான்றைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்கிறது. இதனால் சான்றுகளின் எண்ணிக்கை உயரலாம். அவற்றின் தரம் எழுதுவோரைப் பொறுத்தது.

திட்டமிடுவோர் கவனத்திற்கு

மாதிரிப் பதிவு முறையின்படி, 2018-20 காலத்தில் இந்தியாவின் தாய்மை இறப்பு விகிதம் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 ஆக இருந்தது. 2030-க்குள் அதனை 70-க்கும் கீழே கொணர்வது குறிக்கோள். எத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்பதை இல்லந்தோறும் நடத்தப்படும் கணக்கெடுப்பு கூறும். அவர்கள் எந்நோயால், எந்த மருத்துவமனையில், எந்தக் குறைபாட்டால் இறந்தனர் என்பதை மருத்துவமனை ஏடுகளே கூற முடியும். குருதிப் போக்கால் இறப்போர் மிகுந்த மாவட்டத்திற்கு இரத்த வங்கி முதல் தேவை. தொற்றால் இறப்போர் மிகுந்த மாவட்டத்திற்குத் தூய பிரசவ அறையும், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும், பிரசவத்திற்குப் பிந்தைய முதல் வாரத்தில் செவிலியரின் இல்ல வருகையும் தேவை. குறியீடு பிறழ்ந்தால் நிதியும் பிறழ்ந்து செல்லும். 2017-இல் வகுக்கப்பட்ட தாய்மை இறப்புக் கண்காணிப்பு நெறிமுறைகளும் இறப்பு அடையாளம் காணப்பட்ட பின்னரே பயன்தரும்.

செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கருவுறும் வயதிலுள்ள எந்தப் பெண் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டாலும், கடந்த 42 நாட்களில் பிரசவமோ கருக்கலைவோ நேர்ந்ததா என்று கேட்டு, விடையை முதல் தாளிலேயே நாளிட்டு எழுதுதல் வேண்டும். அழற்சி கடுமையானதா நாட்பட்டதா என்பதையும், ஆய்வில் கண்ட நுண்ணுயிரின் பெயரையும் குறித்தல் வேண்டும். மருத்துவர்களும் பதிவேட்டுப் பணியாளரும் மாதம் ஒருமுறை கூடி, ஐயத்திற்குரிய ஏடுகளைச் சரிபார்த்தல் நலம். மருத்துவ மாணவர்களுக்குச் சான்றெழுதும் பயிற்சியைச் சடங்காக அன்றிப் பாடமாகவே கற்பித்தல் வேண்டும்.

மருத்துவப் பதிவேட்டுப் பணி பல இடங்களில் கடைநிலை எழுத்து வேலையாகவே எண்ணப்படுகிறது. உயிரிழந்த பெண்ணுக்கு மருத்துவமனை ஆற்றக்கூடிய இறுதிக் கடமை, அவள் எதனால் இறந்தாள் என்பதை உண்மையாக எழுதி வைப்பதாகும். அவ்வாறு எழுதப்பட்ட ஏடு, அடுத்து அதே மாவட்டத்தில் பிள்ளை பெறவிருக்கும் தாய்க்குத் தேவையான அறையையும் மருந்தையும் கேட்டுப் பெற வழிசெய்யும்.