வைத்தியசாலை கட்டும்போது கேட்க வேண்டிய கேள்விகள்
(நூற்றாண்டு விழா உரைத் தொடரில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்திலுள்ள பொறியியலாளர்கள் சார்பில் பேசும்படி கேட்டிருந்தீர்கள். எங்களிற் சிலர் வைத்தியசாலைக் கட்டுமானங்களில் இயந்திரப் பொறியியல் வடிவமைப்பைப் பார்ப்பவர்கள். அது என்ன வேலை என்று வீட்டாரே எங்களைக் கேட்பதுண்டு. கட்டடக்கலைஞர் வரைந்த அறைகளுக்குள் காற்று, நீர், ஒட்சிசன், நீராவி, குளிர் எல்லாம் வேண்டிய அளவில் வரவும் போகவும் வழி செய்வதே எங்கள் வேலை. திறப்பு விழாவில் இவற்றை எவரும் பார்ப்பதில்லை. எல்லாம் சீலிங்குக்கு மேலேயும் சுவருக்குள்ளேயும் இருக்கும்.

வீட்டுக்கு ஏசி பூட்டுவதைப் போல இதுவும் ஒன்றுதானே என்று எண்ண வேண்டாம். சத்திரசிகிச்சைக் கூடத்தின் காற்று மணிக்கு 20 தடவையாவது மாற வேண்டும் என்பது அமெரிக்க நியமம். பலரும் பின்பற்றும் நியமம் அது. அந்தக் கூடத்தின் அமுக்கம் வெளி நடைபாதையை விடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும்போது தூசியும் கிருமியும் உள்ளே வராது. காசநோயாளியின் தனிமை அறைக்கு இது நேர்மாறு. அங்கே அமுக்கம் குறைவாக இருந்தால்தான் உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாது. இரண்டு அறைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தாளில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறிவிட்டால், காப்பாற்ற வேண்டிய அறையே நோயைப் பரப்பும்.

நம் நாட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கூடத்தை 20 பாகை செல்சியசில், ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேற்படாமல் வைத்திருக்க வேண்டுமானால், கரையோரத்து ஈரக் காற்றை ஏறத்தாழ 12 பாகைக்குக் குளிரவைத்து நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். தேவைப்பட்டால் மீண்டும் சற்றுச் சூடாக்கியே உள்ளே விட வேண்டும். குளிர் நாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே கட்டினால் சீலிங்கில் நீர் வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும்.

இனி, இந்த வடிவமைப்பை முகாமை செய்வது பற்றி. முதலாவது, இடம். 6 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமுள்ள கூடம் ஒன்றை எடுப்போம். அதன் கனவளவு 108 கன மீற்றர். 20 தடவை மாற்ற மணிக்கு 2160 கன மீற்றர் காற்று வேண்டும். அது செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வருவதென்றால் 30 சதமமீற்றருக்கு 40 சதமமீற்றர் அளவான குழாய் தேவை. சுற்றிலும் வெப்பக் காப்பு போட்டால் அது இன்னும் பெருக்கும். ஒரு கூடத்துக்கே இவ்வளவு! கட்டடக்கலைஞர் மாடி உயரத்தைத் தீர்மானிக்கும் அன்றே நாங்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும். பீம் வார்த்த பின்னர் கூப்பிட்டால் பீமை உடைப்பதா, குழாயைச் சுருக்குவதா என்ற வழக்குத்தான் மிஞ்சும். சீலிங்குக்கு மேலே எதற்கு முதலிடம் என்பதற்கும் ஒரு முறை உண்டு. கழிவுநீர்க் குழாய் சரிவாகவே ஓட வேண்டும், அது யாருக்கும் வளைந்து கொடாது. அடுத்தது பெரிய காற்றுக் குழாய். சிறு குழாய்களும் மின்வடங்களும் அவற்றைச் சுற்றிப் போகலாம்.

இரண்டாவது, அட்டவணை. ஒவ்வோர் அறைக்கும் வெப்பநிலை, காற்று மாற்றம், அமுக்கம், வாயு முனைகள் என எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் எழுதுகிறோம். முழு வைத்தியசாலையும் அந்தத் தாளை நம்பித்தான் எழும்புகிறது. ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் புதிய சிறுவர் வைத்தியசாலைக்கு நோயாளிகளை மாற்றச் சில நாள்களே இருந்த வேளையில், 2019 யூலையில், சுகாதார அமைச்சர் அதை நிறுத்தினார். தீவிர சிகிச்சைப் பகுதியின் சில அறைகளில் மணிக்கு 10 தடவை மாற வேண்டிய காற்று 4 தடவையே மாறும்படி அமைந்திருந்தது. 2012இல் தயாரான ஓர் அட்டவணையிலிருந்த தவறுதான் அதற்கு அடி என்று பின்னர் நடந்த பொது விசாரணை கண்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அந்த எண் எத்தனையோ மேசைகளைக் கடந்து போயிருக்கும். இயந்திரங்கள் பழுதாகவில்லை, தாளில் இருந்ததைத்தான் செய்தன. அந்த வைத்தியசாலை முழுமையாக இயங்கியது 2021 மார்ச்சில்.

இதிலிருந்து நாங்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு இதுதான். அட்டவணைக்கு ஒருவர் பொறுப்பாளி. ஒரே ஒரு பிரதிதான் செல்லுபடியாகும். அந்த விடுதியில் வேலை செய்யும் வைத்தியரும் தாதியும் தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலரும் வரி வரியாக வாசித்து ஒப்பமிட வேண்டும். பொறியியற் பாஷை விளங்கவில்லை என்றால் விளங்கும்வரை சொல்வது எங்கள் கடமை. "இந்த அறையில் யார் படுப்பார்? அவருக்கு என்ன நோய்?" என்று கேட்டால் தாதி சொல்லும் பதிலிலேயே தவறு பிடிபடும். ஒப்பமிட்ட பின்னர் மாற்றம் வேண்டுமானால் அது எழுத்தில், ஒரே வாசலால் வர வேண்டும். ஒரு களஞ்சிய அறையை நோயாளர் அறையாக்குவது கட்டடக்கலைஞருக்கு ஒரு பெயர் மாற்றம். எங்களுக்கோ குழாய், விசிறி, மின்சாரம் எல்லாமே மாறும்.

மூன்றாவது, சோதனை. ஒட்சிசன் குழாயையும் மயக்க வாயுக் குழாயையும் யாராவது மாற்றிப் பொருத்திவிட்டால் நோயாளி இறந்து போவார். அதனால்தான் ஒவ்வொரு வாயுவுக்கும் வேறு வேறு வடிவ முனை உண்டு. அப்படியிருந்தும், ஒரு வாயுவை மட்டும் திறந்துவிட்டு மற்ற எல்லா முனைகளும் வெறுமையாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். திறப்பு விழாத் திகதி நெருங்கும்போது எல்லோரும் வெட்ட விரும்புவது இந்தச் சோதனை நாள்களைத்தான். அவற்றை வேலைத்திட்டத்தின் முதல் நாளே எழுதி, கடைசிவரை காப்பது முகாமையாளரின் முதற் கடமை.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பழைய மாணவிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஊர் வைத்தியசாலைக்கு விடுதி கட்டவும் கருவி வாங்கவும் மனமுவந்து கொடுப்பவர்கள் பலர். கொடுக்கும்போது பெயர்ப்பலகையோடு சில கேள்விகளையும் அனுப்புங்கள். இயந்திர அறைக்கு இடம் உண்டா? வடிகட்டியை மாற்ற ஆள் ஏறிப்போக வழி உண்டா? ஒரு பம்பு நின்றால் மற்றது ஓடுமா? அதைப் பராமரிக்க அடுத்த பத்து ஆண்டுக்கு யார் பணம் தருவார்? எம்.ஆர்.ஐ. கருவி கொடுப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். அதிலுள்ள திரவ ஈலியம் ஆவியானால் 700 மடங்குக்கு மேல் பெருகும். அது வெளியேறத் தனிக் குழாய் கூரைக்கு மேலே போகிறதா?

வகுப்பில் கை உயர்த்திக் கேள்வி கேட்க எங்களைப் பழக்கியது இந்தப் பாடசாலை. அந்தப் பழக்கம் வைத்தியசாலை கட்டும் மேசையிலும் ஓர் உயிரைக் காக்கும். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் இருக்கும் தங்கைமாரே, அந்த மேசையில் உங்களுக்கும் கதிரை இருக்கிறது, வந்து அமருங்கள்.