மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்குகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரவேற்கும் விழா பெரும்பாலும் முதல் வாரம் கழிகிற சமயத்தில்தான் நடக்கும். ஆனால் ஏப்ரல் முதல் தேதி காலையிலேயே, ஆறு வயதுப் பிள்ளைகள் பலர் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக, முன்பின் தெரியாத ஒரு கூடத்தில் வந்து நிற்கிறார்கள். பள்ளி இன்னும் திறக்கவில்லை. அதுவரை பார்த்துக்கொண்ட குழந்தைகள் காப்பகம் மார்ச் 31-ஆம் தேதியோடு வழியனுப்பி வைத்துவிட்டது. அம்மா, அப்பா இருவருக்கும் வேலை. அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் இடத்தை அங்கே 'காகுதோ' என்கிறார்கள். பள்ளி விட்ட பிறகு சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் மையம் அது. விடுமுறை நாட்களில் காலையிலேயே திறந்துவிடும்.

இப்படி ஒரு மையம் நன்றாக நடக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? நம்மில் பலர் முதலில் கேட்பது, "ஹோம்வொர்க் முடித்து அனுப்புவார்களா?" என்பதுதான். எனக்கென்னவோ அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று படுகிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1960-களில் ஜப்பானின் நகரங்களில் வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகள் பெருகினார்கள். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் ஆள் இருக்காது. தானே திறந்து, தானே சாப்பிட்டு, தனியாகக் கிடக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மார்கள் கூட்டாகக் காசு போட்டு, ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். காகுதோ மையங்கள் பலவற்றின் தொடக்கம் இதுதான். சட்டத்தில் இதற்கு ஓர் இடம் கிடைக்க 1997 வரை ஆயிற்று. அந்த ஆண்டு சிறுவர் நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

நாடு முழுவதற்குமான தரவரையறை வந்தது 2015-இல். ஒரு குழுவில் ஏறத்தாழ 40 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. ஒரு பிள்ளைக்கு 1.65 சதுர மீட்டர் இடம், அதாவது ஏறக்குறைய 18 சதுர அடி. நம் வீட்டில் ஆறடிக்கு மூன்றடிப் பாய் ஒன்றை விரித்தால் எவ்வளவு இடமோ, அவ்வளவு. குழுவுக்குக் குறைந்தது இரண்டு பேர் பொறுப்பில் இருக்க வேண்டும். அதில் ஒருவராவது தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். அந்தத் தகுதிக்கு, ஏற்கெனவே உள்ள படிப்பு அல்லது அனுபவத்தோடு, 16 பாடங்கள் கொண்ட 24 மணி நேரப் பயிற்சி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாய் அளவு இடமும், 40 என்ற எண்ணும் உள்ளாட்சிகளுக்கு வெறும் வழிகாட்டல்தான். கட்டாயம் என்று வைத்தது பெரியவர்களின் எண்ணிக்கையையும் தகுதியையும் மட்டுமே. 2020 ஏப்ரலில் அந்தக் கட்டாயத்தையும் தளர்த்திவிட்டார்கள். சிற்றூர்களில் ஆள் கிடைக்கவில்லை, விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் மையத்தையே மூட வேண்டிவரும் என்பது உள்ளாட்சிகள் சொன்ன காரணம். காரணம் பொய்யில்லை. ஆனாலும் தளர்த்த வேறு எத்தனையோ இருக்க, அதிலா கை வைப்பது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், காகுதோவில் ஒரு மாலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். மணி மூன்று. முதுகில் கனமான தோல் பையோடு பிள்ளைகள் வருகிறார்கள். வாசலில் செருப்பலமாரியில் ஷூவைக் கழற்றி வைக்கும்போதே, வீட்டுக்குள் நுழைவதுபோல "வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பவர் "வா, வா" என்று பதில் சொல்கிறார். அந்த இரண்டு நொடியில் தேர்ந்த பராமரிப்பாளர் பிள்ளையின் முகத்தைப் படித்துவிடுகிறார். வழக்கமாக ஓடிவரும் பெண் இன்று பையை இழுத்துக்கொண்டு வருகிறாள். நேற்று சிரித்துக்கொண்டே போன பையன் இன்று யாரோடும் பேசவில்லை. இதைக் கண்டுபிடிக்க, நேற்றும் போன வாரமும் அவன் எப்படி இருந்தான் என்று தெரிந்த ஆள் வேண்டும். இன்றைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்கு அது வெறுமனே பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன், அவ்வளவுதான்.

வர வேண்டிய பிள்ளை வரவில்லை என்றால்? நல்ல மையத்தில் வருகைப் பலகையில் பெயர் காலியாக இருப்பதை உடனே பார்ப்பார்கள். முதலில் பள்ளிக்கு ஃபோன், அடுத்து அம்மாவுக்கு. "ஒருவேளை லீவாக இருக்கும்" என்று விட்டுவிடும் மையத்தில், சுவரில் எவ்வளவு அழகான படம் ஒட்டியிருந்தாலும், என் பிள்ளையை விட மாட்டேன்.

பிறகு மாலைச் சிற்றுண்டி. மதியம் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோதான். ஆகவே ஒரு சோற்றுருண்டையோ பழமோ கொடுப்பது உபசாரமாகாது, அது தேவை. எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எதற்கு வேர்க்கடலை ஆகாது என்பது பரிமாறும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு விளையாட்டு. சண்டை வரும், வராமல் இருக்காது. பக்கத்தில் இருந்து பார்த்தவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, அன்று மாலையே தொடர்பு நோட்டில் நாலு வரி எழுதி அனுப்புவார். அம்மா மறுநாள் அதிலேயே பதில் எழுதுவார். பல மையங்களில் அந்த நோட்டு இப்போது செயலிக்கு மாறிவிட்டது. எழுதுவதற்கு விஷயம் தெரிந்த ஆள் இருந்தால் எதில் எழுதினால் என்ன?

அந்த ஆள் நிலைத்து இருக்கிறாரா என்பதுதான் சிக்கல். மையம் நடப்பது பெரும்பாலும் மதியத்துக்கு மேல் சில மணி நேரம். அதனால் பகுதிநேர வேலை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம், குறைந்த சம்பளம். விருப்பத்தோடு வந்தவர்கள்கூட இரண்டு மூன்று ஆண்டில் வேறு வேலை தேடிப் போகிறார்கள். மறுபக்கம், 2024 மே மாதக் கணக்கில் காகுதோவில் பதிந்த பிள்ளைகள் 15 லட்சத்துக்கும் மேல். இடம் கிடைக்காமல் காத்திருந்தவர்கள் 17,000-க்கும் மேல். காப்பகம் ஏழு மணி வரை பார்த்துக்கொண்ட பிள்ளை ஒன்றாம் வகுப்பில் மதியமே வீடு திரும்பும் நிலை வந்தால், அம்மா வேலையை விட வேண்டியதுதான். 'ஒன்றாம் வகுப்புச் சுவர்' என்று அங்கே இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இந்த நெருக்கடியில் அரசின் கண் இருக்கைகளின் எண்ணிக்கை மீதே போகிறது. ஒரு பெரிய கூடத்தைப் புத்தக அலமாரியால் தடுத்து, இரண்டு குழு என்று கணக்குக் காட்டுகிற இடங்களும் உண்டு. சத்தத்தை அலமாரி தடுக்குமா?

2023-இல் சிறுவர்களுக்கென்று தனி அரசு முகமை ஒன்று தொடங்கப்பட்டு, இந்த மையங்கள் அதன் பொறுப்பில் வந்தன. 2024 நிதியாண்டிலிருந்து, முழுநேர ஊழியர் இரண்டு பேரை வைத்திருக்கும் குழுவுக்கு மானியத்தை உயர்த்தியிருக்கிறார்கள். தாமதமாக வந்தாலும் சரியான இடத்தில் வந்த பணம். ஆனால் நடுவண் அரசு தருவது ஒரு பங்குதான். மீதியை உள்ளாட்சி போட வேண்டும், போடச் சொல்லிப் பெற்றோர்தான் கேட்க வேண்டும். காசு சேர்த்து அறை பிடித்த அந்தத் தாய்மார்களின் பேத்திகள் இப்போது நகரமன்றத்துக்கு மனுக்களோடு போய்க்கொண்டிருக்கிறார்கள்.