மர்மக் கதைக்கும் ஒரு தட்டு
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வாசிகசாலைக்கு இவ்வாண்டு வாங்கும் நூல்களுள் மர்ம நவீனங்களுக்கு இடம் வேண்டாம் என்று சென்ற கூட்டத்திற் பெரியோர் சிலர் கூறினர். அதற்கு மறுமொழி சொல்லும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. மர்மக் கதை படிப்பவன் பாடப் புத்தகத்தைத் தொடமாட்டான் என்பது அவர்கள் கட்சி. யாம் படித்த மிஷன் கல்லூரியிலும் இதே கட்சிதான். வேதபாட வகுப்பிலே மேசைக்குக் கீழே துப்பறியும் கதை வைத்துப் படித்து அகப்பட்டோம். பிடித்த ஆசிரியர் புத்தகத்தைக் கொண்டுபோய் நான்கு நாட் கழித்துத் திருப்பித் தந்தார். "பாதிக் கதையிலேயே எனக்குக் கள்ளன் ஆரென்று தெரிந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். பிரம்படியிலும் அது உறைத்தது. எமக்கு அதுவரை தெரியவில்லை!

இன்று பதின்மூன்று முதற் பதினேழு வயதுப் பிள்ளைகளின் கண், கைத்தொலைபேசிப் பழக்கத்தினால், பத்து வரிக்கு மேல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவர்களிடம் எடுத்த எடுப்பிலே பெரியபுராணத்தை நீட்டினால் வணங்கி வாங்குவார்கள். அந்த வணக்கத்துடனேயே மூடியும் வைப்பார்கள். முந்நூறு பக்கத்தைக் கடந்துபோகும் மூச்சு முதலில் வரவேண்டும். அதை மர்மக் கதை தரும் என்பதே எம் கட்சி.

அது எப்படித் தருகின்றது? படத் தயாரிப்பாளர் ஹிச்கொக் இதனை நன்கு விளக்கியிருக்கிறார். இருவர் பேசிக்கொண்டிருக்கும் மேசையின் கீழ்க் குண்டு திடீரென வெடித்தால் நமக்குச் சில கணத் திடுக்கீடு. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் நமக்கு முன்னரே தெரிந்து, அவ்விருவருக்கும் தெரியாதிருந்தால், அவர்களுடைய வெறும் பேச்சையும் நாம் பதைபதைத்துக் கேட்போம். பிறனுக்காகப் பதைக்கும் அப்பழக்கம் பிள்ளைகளுக்குக் கெடுதியென்று யாம் கருதவில்லை.

யாம் முதலிற் சிபார்சு செய்வது வில்கி கொலின்ஸ் 1868இல் எழுதிய 'மூன்ஸ்ரோன்', அதாவது சந்திரகாந்தக் கல். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த இரவிலே ஆங்கிலப் படையதிகாரி ஒருவன் காவலரைக் கொன்று, சந்திர தேவனுக்குரிய வைரத்தைக் கவர்கின்றான். அது அவனுடைய மருமகளுக்குப் பதினெட்டாவது பிறந்தநாட் பரிசாக வருகின்றது. அன்றிரவே களவு போகின்றது. வைரத்தைத் தேடிக் கடல் கடந்த மூன்று பிராமணர் செப்படிவித்தைக்காரர் வேடத்தில் வீட்டைச் சுற்றி வருகின்றனர். எடுத்தவர் ஆர்? சொல்லமாட்டோம். ஆயின் ஒன்று சொல்வோம்: கோயிற் பொருள் உண்மையில் எவருடையது என்ற கேள்வியை ஆங்கிலேயர் ஒருவரே அக்காலத்தில் எழுப்பியிருக்கிறார். தம் முன்னுரையிற் கோகினூரையும் அவர் குறிப்பிடுகின்றார். அக்கல் 1849இற் பஞ்சாபிலிருந்து எடுக்கப்பட்டு இன்றும் இலண்டன் கோபுரத்தில் இருக்கின்றது.

இந்நூலில் வரும் பெற்றரெட்ஜ் என்னும் கிழவேலைக்காரர், மனக்குழப்பம் வந்தால் 'றொபின்சன் குரூசோ'வை விரித்து அதில் வழி தேடுவார். நம் வீட்டுப் பெரியவர்கள் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்ப்பதை நினைந்து யாம் வாய்விட்டுச் சிரித்தோம். பெரியோர் மன்னிக்க.

ஓட்டமும் துரத்தலும் வேண்டுவோர்க்கு ஜோன் பக்கன் 1915இல் வெளியிட்ட 'முப்பத்தொன்பது படிகள்' உண்டு. சிறிய நூல், இரண்டு மாலைக்குக் காணும். யூதரை இழித்துப் பேசும் வார்த்தைகள் அதில் வருகின்றன. அவற்றைக் கண்டு முகஞ்சுளிக்கப் பழகுதலும் படிப்பே. சத்தியஜித் றே 1965 முதல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் சஞ்சிகைக்கென எழுதத் தொடங்கிய பெலூதா கதைகள் இவ்வயதினர்க்கென்றே பிறந்தவை. இரத்தம் குறைவு, மூளைவேலை அதிகம். தாய்மார் அஞ்சவேண்டியதில்லை.

எல்லா மர்மக் கதையும் நன்றென்று யாம் வாதாடவில்லை. பிணத்தை எண்ணிக் கணக்குக் காட்டும் கதைகளும், அட்டைப்படத்தை நம்பி விற்கும் கதைகளும் மலிந்துள்ளன. அவற்றைத் தெரிவுக்குழு தள்ளட்டும். குழுவிலே பெரியோர் இருவர் இருப்பதில் எமக்கு மறுப்பில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலை இச்சபையில் அறியாத பெரியோர் இல்லை என்பது எமது ஊகம். அவர்கள் அதை எங்கே வைத்துப் படித்தார்கள் என்று யாம் கேட்கவில்லை.

யாம் வேண்டுவது ஓர் அலுமாரித் தட்டு மாத்திரமே. எமது 'மூன்ஸ்ரோன்' பிரதியை இன்றே செயலாளரிடம் ஒப்படைக்கின்றோம். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. பக்கங்கள் முழுவதும் உண்டு. முன்பு வைத்திருந்த புண்ணியவான் ஒருவர் முதற்பக்கத்திலே கள்ளனின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அதனை நேற்றிரவு இறப்பர் கொண்டு அழித்துவிட்டோம். இனி வாசிப்பவர்கள் அதை மீண்டும் எழுதாதிருப்பார்களாக.